காமாட்சி விசாரித்த விண்கலம்

ராயவரத்தில் போய், சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போன வாயேஜர் விண்கலம் இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால், யாரும் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் காட்ட மாட்டார்கள். காமாட்சி ஆச்சி வீட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். அந்த ஊர் நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வாயேஜர் என்று இரண்டு உண்டு, இரண்டும் 1977இல் கிளம்பியவை, தனக்கு வேண்டியது இரண்டாவது என்று ஆரம்பிப்பாள். அது வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நாலையும் பார்த்துவிட்டு, 2018 நவம்பரில் சூரியக் காற்றே எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்பது வரை மூச்சு விடாமல் சொல்வாள். மின்சாரம் பற்றாமல் அதன் ஹீட்டர்களை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். கேட்டவர்கள் அசந்து போவார்கள். இந்த வயதில் இவ்வளவு அறிவியல் ஆர்வமா என்பார்கள்.

ஆர்வமாவது மண்ணாவது. பெற்ற பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்க முடியாத ஒருத்திக்கு, கேட்பதற்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

காமாட்சி விராச்சிலையில் பிறந்து ராயவரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் உடையப்பன் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். செட்டியார் என்றால் ஆயிரம் ஜன்னல் வீடும் பெட்டி நிறைய வைரமும் இருக்கும் என்று நினைக்கிறவர்கள், நின்று நின்றே அவர் கெண்டைக்காலில் சுருண்டிருந்த நரம்புகளைப் பார்த்திருக்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ரகுநாத், இளையவன் கணேஷ்.

சென்னையில் இருந்த பங்காளி சோலையப்பனுக்கும் அவர் மனைவி மெய்யம்மைக்கும் பிள்ளையில்லை. இவர்கள் வழக்கத்தில் பிள்ளையில்லாதவர்கள் ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்துதான் பிள்ளை கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டிக்கொள்வது என்றால் சும்மா வளர்க்கக் கொடுப்பது இல்லை. சபை நடுவே மஞ்சள் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனால் போனதுதான். தலைப்பெழுத்து மாறும். அவன் கல்யாணத்தில் பெற்றவர்கள் விருந்தாளிகளோடு உட்கார வேண்டும். பெற்றவர் செத்தால் அவன் கொள்ளி வைக்க முடியாது. அந்தக் குடும்பங்களில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவார்கள். கூட்டிப் போன மறுநிமிஷமே அப்பச்சி பெரியப்பச்சி ஆகிவிடுவார். ஆத்தா பெரியாத்தா ஆகிவிடுவாள்.

1996இல் கணேஷைக் கேட்டு வந்தார்கள். அவனுக்குப் பதினோரு வயது. படிப்பில் சூரன். அங்கே போனால் பெரிய படிப்பு படிப்பான், இங்கே கிடந்தால் அப்பன் பக்கத்தில் நின்று துணி கிழிப்பான் என்று ஊரே சொன்னது. உடையப்பன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முதலில் சரி என்று தலையாட்டியது காமாட்சிதான். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

கொடுத்த பிறகு அவள் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். கொடுத்தது கொடுத்ததுதான். பின்னாடியே போய் உரிமை கொண்டாடினால், ஆசையாகக் கூட்டிப் போன அந்தப் பொம்பளை மனசு என்ன பாடுபடும்? ஆகையால் அவனைப் பற்றிய நல்லது கெட்டது எதுவானாலும் மெய்யம்மை வழியாகத்தான். சாப்பாடு, உடம்பு, உடுப்பு, கல்யாணம் எல்லாம் மெய்யம்மை கேட்க வேண்டிய கேள்விகள். இவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். காமாட்சி மாதிரி கண்ணியமாகப் பிள்ளை கொடுத்தவள் கிடையாது என்று பங்காளி வீடுகளில் மெச்சிக்கொண்டார்கள். நாசமாய்ப் போன மெச்சல்.

2009இல் ரகுநாத் திருமயம் பக்கம் பைக்கில் போகும்போது லாரி மோதிச் செத்துப்போனான். இருபத்தெட்டு வயது. கணேஷ் மூன்றாம் நாள் வந்தான். பங்காளிகளோடு கூடத்தில் உட்கார்ந்தான். போகும்போது, "வாரேன் பெரியாத்தா" என்றான். செத்த பிள்ளைக்காக அழுததைவிட அந்த வார்த்தைக்காக அன்றைக்கு அதிகம் அழுதுவிட்டோமோ என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இனி யாராவது நம்மை ஆத்தா என்று கூப்பிட வேண்டுமென்றால் அது அவன் ஒருத்தன்தான், அவனும் கூப்பிடக் கூடாது. உடையப்பனுக்கும் அதே ஏக்கம்தான். சாகிறதுக்குள்ளே ஒரு தடவை அவன் வாயால் அப்பச்சி என்று கேட்டுவிட்டால் போதும் என்பார். அதெப்படி முடியும் என்று இவள் அடக்கிவிடுவாள்.

2011 பொங்கலன்று போன் வந்தது. கணேஷ் அதற்குள் ஆஸ்திரேலியாவில் மேல்படிப்பு முடித்து, கான்பராவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வாழ்த்துச் சொன்னான். இவளும் சொன்னாள். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா? கூடாது. பொங்கல் வைத்தாயா? அதுவும் கூடாது. பெண் பார்க்கிறார்களா? ஐயையோ, வாயே திறக்கக் கூடாது. போனை வைத்துவிடப் போகிறானே என்ற பதற்றத்தில், அது என்ன வேலைப்பா என்று கேட்டு வைத்தாள்.

அவன் சொன்னான். எழுபது மீட்டர் அகலத்தில் ஒரு தட்டு. அதை வானத்தைப் பார்க்கத் திருப்பி, எங்கோ போய்க்கொண்டிருக்கும் விண்கலங்களோடு பேசுவார்கள். வாயேஜர் இரண்டு தெற்குப் பக்கமாகப் போய்விட்டதால், அதற்குக் கட்டளை அனுப்ப உலகத்திலேயே அந்த ஒரு தட்டால்தான் முடியும். இங்கிருந்து ஒரு சொல் போய்ச் சேரப் பதின்மூன்று மணி நேரம், அது பதில் சொல்லி இங்கே வர இன்னொரு பதின்மூன்று. இருபது நிமிஷம் விடாமல் பேசினான். மஞ்சள் தண்ணீர் குடித்த நாளுக்கு அப்புறம் அவன் அவளிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

காமாட்சி கெட்டிக்காரி. சட்டென்று பிடித்துக்கொண்டாள். இதைப் பற்றி எத்தனை கேட்டாலும் எந்தப் பங்காளியும் குற்றம் சொல்ல முடியாது. மெய்யம்மைக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். நூலகத்தில் இருந்த கோள்கள் பற்றிய புத்தகம் மூன்றையும் அவள் கரைத்துக் குடித்தாள். பேப்பரில் விண்வெளி என்று எங்கே வந்தாலும் முதலில் அதைத்தான் படித்தாள். வாரம் முழுக்கக் கேள்வி சேர்ப்பாள். அதற்குக் குளிராதா என்று கேட்பாள். குளிரும், ஆனால் தாங்கிக்கொள்கிறது என்பான். எரிபொருள் இருக்கிறதா, கண் தெரிகிறதா, கேமராவை ஏன் அணைத்துவிட்டீர்கள், நல்லது பொல்லாது எதுவும் வழியில் வராதா என்பாள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வான். ஒரு தடவை இவள் கொஞ்சம் எல்லை மீறிப் போனாள்.

"தொணைக்கு ஆளில்லாம அம்புட்டுத் தூரம் போகுதே, அதுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிராதாப்பா?"

"அதுக்குப் பழகிருச்சு பெரியாத்தா" என்றான் அவன்.

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவள் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள் என்று கேட்காதீர்கள். இது விண்கலத்தைப் பற்றிய பேச்சு என்று நம்பினால் நிம்மதி. நம்பத்தான் முடியவில்லை.

உடையப்பன் போனில் பேச மாட்டார். பேசினால் அழுதுவிடுவார் என்று அவருக்கே தெரியும். ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். இருமல் வந்தால்கூட எழுந்து வாசலுக்குப் போய் இருமிவிட்டு வருவார். போன் வைத்த பிறகு, எத்தனை மணி நேரமாம் என்று மட்டும் கேட்பார். பதின்மூன்று பதினான்காகி, பதினைந்தாகி, வருஷத்துக்கு அரைமணி நேரம் என்று கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும், போகட்டும் போகட்டும் என்பார்.

2016இல் சென்னையில் சோலையப்பன் காலமானார். கணேஷ் பறந்து வந்து கொள்ளி வைத்தான். காமாட்சியும் உடையப்பனும் போயிருந்தார்கள். தலை மழித்து, ஈரவேட்டியோடு, இன்னொருவருக்கு மகனாக அவன் எல்லாம் செய்ததைக் கூட்டத்தில் ஒருவராக நின்று உடையப்பன் பார்த்தார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டித்தான் வாயைத் திறந்தார். "நல்லா செஞ்சான்" என்றார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். 2023 ஜூலை இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கணேஷ் குரலே சரியில்லை. இரண்டு நாளைக்கு முன் வாயேஜருக்குப் போன கட்டளையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டதாம். அது தன் ஆன்டெனாவைப் பூமிக்கு நேராக வைத்திருக்காமல் கொஞ்சம் திருப்பிக்கொண்டுவிட்டது. இரண்டே இரண்டு டிகிரி. அந்தத் தூரத்தில் அது போதும். நாம் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. அது சொல்வது நமக்குக் கேட்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் பேசியது இப்படிப் போய்விட்டதே என்று அவன் புலம்பினான். அதை எப்படித் திருப்புவீர்கள் என்று காமாட்சி திரும்பத் திரும்பக் கேட்டாள். வேறு என்ன இருக்கிறது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே, அந்த விண்கலத்தைத் தவிர?

புதன்கிழமை உடையப்பன் குளியலறையில் விழுந்தார். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, நெஞ்சில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

சொல்ல வேண்டியவன் ஒருவன்தான். கையில் போன் இருந்தது. அவன் நம்பர் முதலாவதாக இருந்தது. காமாட்சி அதை அமுக்கவில்லை. வழக்கம் வழக்கம்தான் என்று சென்னைக்கு, மெய்யம்மைக்கு அடித்தாள்.

"அவுகளுக்கு ரொம்ப முடியல மெய்யம்மை. சொல்ல வேண்டியவுகளுக்குச் சொல்லிரச் சொல்லுறாரு டாக்டரு."

மெய்யம்மை பதறினாள். உடனே கிளம்பி வரட்டுமா என்று கேட்டாள். பார்த்துக்கொண்டு சொல்கிறேன் என்றாள் இவள். கணேஷ் பெயரை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அந்த இரண்டு பொம்பளைகளும் இருபத்தேழு வருஷமாக ஒருத்தியிடம் ஒருத்தி அவன் பெயரை எடுத்ததே இல்லை. இவள் எடுத்தால் அவளுக்குச் சுருக்கென்னும், அவள் எடுத்தால் இவளுக்குச் சுருக்கென்னும். அத்தனை மரியாதை.

மெய்யம்மை போனை வைத்துவிட்டு என்ன நினைத்தாள் தெரியுமா? வாரா வாரம் இவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பெற்றவருக்கு முடியவில்லை என்பதைப் பெற்றவள்தான் சொல்ல வேண்டும். அதில் நாம் போய் மூக்கை நுழைத்தால் அது எவ்வளவு அசிங்கம்! அந்த ஒரு உரிமையையாவது அவளுக்கு விட்டுக்கொடுப்போம் என்று நினைத்தாள். நல்ல மனசோடுதான் நினைத்தாள். இதெல்லாம் காமாட்சிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள், மெய்யம்மை இந்நேரம் கணேஷிடம் சொல்லியிருப்பாள் என்றே இருந்தாள். கணேஷோ அந்த இரண்டு வாரமும் தட்டே கதியென்று கிடந்தான். சென்னைக்கும் சரியாகப் பேசவில்லை. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எப்போதோ விலகியிருந்தான்.

கணேசுக்குச் சொன்னியா என்று உடையப்பன் கேட்டார். சொல்லியாச்சு என்றாள். வாரானா என்றார். வாரான் என்றாள்.

ஜூலை முப்பது, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. உடையப்பன் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தார்கள். பேச முடியாது. கண்ணாலேயே ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். இப்போது கேட்பான், பெரியப்பச்சிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பான், எந்த பிளேனில் வருகிறேன் என்று சொல்வான் என்று காத்திருந்தாள்.

அவன் வாயேஜரைப் பற்றிப் பேசினான். இன்னும் கிடைக்கவில்லை என்றான். பூமி எங்கே இருக்கிறது என்று தானாகவே தேடித் திரும்பிக்கொள்ளும்படி அதற்கு ஏற்பாடு உண்டாம், ஆனால் அது அக்டோபரில்தான். அதுவரை பொறுத்திருப்பதா, இல்லை எதிர்ப்பக்கம் கேட்கிறதோ இல்லையோ பலம் கொண்ட மட்டும் ஒரு தடவை கத்திப் பார்ப்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். தூங்கி மூன்று நாள் ஆயிற்று என்றான். அப்புறம் போனை வைத்துவிட்டான்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்தும் கேட்கவில்லை என்றுதான் காமாட்சி நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? அவளுக்குள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்குத் தேடத் தெரிந்ததெல்லாம் இரும்பும் தகரமும்தானா? நீ கேட்க மாட்டாய் என்றால் நானும் சொல்ல மாட்டேன் போ, என்று மனசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பிக் கூப்பிட்டு, ஏண்டா பாவி, இப்படி இருக்கிறாரே உன் அப்பன் என்று ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. உடையப்பன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பாவம், அவனுக்கு அங்கே தலை போகிற வேலை என்று சொல்வது மாதிரி இருந்தது. அதற்கப்புறமும் இரண்டு நாள், யார் வந்தாலும் அவர் கண் முதலில் கதவுக்குத்தான் போனது. நர்ஸ் வந்தாலும் போகும், தரை துடைக்க வந்தாலும் போகும்.

ஆகஸ்ட் இரண்டு, புதன்கிழமை விடியற்காலையில் அவர் போய்விட்டார். மதியத்துக்குள் ராயவரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெய்யம்மை முட்டிவலியோடு சென்னையிலிருந்து கார் பிடித்து வந்து சேர்ந்தாள். காமாட்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகன் முறையில் ஒரு பங்காளி கொள்ளி வைத்தார். நாற்பது வயது, பொன்னமராவதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. உடையப்பனோடு அவர் வாழ்நாளில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கணேஷ் ஏன் வரவில்லை என்று மெய்யம்மை மனசுக்குள் மறுகினாள். கணேஷை ஏன் அனுப்பவில்லை என்று காமாட்சி மனசுக்குள் மறுகினாள். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில் போன் அடித்தது. கணேஷ். கூடம் முழுக்கத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். காமாட்சி எழுந்து சமையல்கட்டுக்குப் போய் எடுத்தாள். மூன்றாம் நாளாவது கேட்க வேண்டும் என்று தோன்றியதே என்று இருந்தது.

"பெரியாத்தா, கெடச்சிருச்சு" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டும் திணறிக்கொண்டும் கொட்டினான். புதன்கிழமை, இருக்கிற சக்தியையெல்லாம் சேர்த்து, அந்தத் தட்டிலிருந்து ஒரு கத்துக் கத்தினார்களாம். திரும்பு, பூமியைப் பார் என்று. போய்ச் சேரப் பதினெட்டரை மணி நேரம். பதில் வரப் பதினெட்டரை மணி நேரம். முப்பத்தேழு மணி நேரம் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லையாம். இன்றைக்கு அது திரும்பிவிட்டது, பேச ஆரம்பித்துவிட்டது, ஒரு பழுதும் இல்லை என்றான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நாம் கூப்பிட்டது அதற்குக் கேட்டுவிட்டது என்றான்.

துக்க வீட்டுக்குப் பேசுகிறவன் பேசுகிற பேச்சா இது? இவனுக்குத் தெரியாது. கடவுளே, இவனுக்கு ஒன்றுமே தெரியாது.

"பெரியப்பச்சிகிட்ட போனைக் குடுங்க" என்றான் அவன். "பக்கத்துலதான் ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாகன்னு எனக்குத் தெரியும். ஆரம்பத்துலேருந்தே தெரியும். இன்னைக்கு ஒரு நாளு நான் நேரா சொல்லிக்கிறேனே."

காமாட்சி அம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெட்ராஸிலிருந்து உனக்கு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். என்னத்தை என்றான்.

"அவுக போயிட்டாகப்பா. புதன்கெழமை விடியக்காலம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைத் தூக்கிப் பார்த்தாள். அறுபடவில்லை. யாரு கொள்ளி வச்சா என்று கேட்டான். சொன்னாள். எத்தனை நாளாக முடியவில்லை என்றான். ஒரு வாரம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் பேசியபோது எங்கே இருந்தார் என்றான். பக்கத்தில்தான் படுத்திருந்தார், நீ பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்றாள். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்பேனே." அவன் உடைந்துபோனான். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதான். "ஏன் ஆத்தா சொல்லல? என்கிட்ட ஏன் ஆத்தா சொல்லல?"

இருபத்தேழு வருஷம். ரகுநாத் போன பிறகு அந்தச் சொல்லைச் சொல்ல உலகத்தில் ஆளே இல்லாமல் பதினாலு வருஷம். அது இப்போது அவள் காதுக்குள்ளே வந்து விழுந்தது, இரண்டு தடவை விழுந்தது. நான்தாண்டா, உன் ஆத்தாதாண்டா, ரோஷத்தில் கெட்டேண்டா கண்ணா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் நிமிர்ந்தாள்.

சமையல்கட்டு வாசலில் மெய்யம்மை நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாதவளுக்கு ஒரு வாய் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். போனில் ஸ்பீக்கர் போட்டபடி கிடந்தது, எப்போதும் போடுகிற பழக்கம். எல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. கேட்டதற்குக் கோபமோ பொறாமையோ அதில் இல்லை. பயம்தான் இருந்தது. புருஷனும் இல்லாமல், இருக்கிற ஒரே பிள்ளையும் எங்கே கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம்.

அந்தப் பயம் காமாட்சிக்குத் தெரியாததா?

"அப்படிக் கூப்புடக் கூடாதுப்பா" என்றாள். "ஒங்க ஆத்தா இங்கனதான் நிக்கிறாக. இந்தா, குடுக்குறேன், பேசு."

மெய்யம்மை வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். நீங்களே பேசுங்க ஆச்சி என்று கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டாள். காமாட்சி எழுந்து போய், கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் உள்ளங்கையைப் பிரித்து, போனை அதில் வைத்து அழுத்தினாள். அப்புறம் கூடத்துக்குப் போய், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

கருமாதிக்குக் கணேஷ் வந்தான். சென்னையில் மெய்யம்மை பார்த்துக் கட்டிவைத்த மனைவி நித்யாவோடு வந்தான். திருச்சியில் இறங்கி நேராக வந்து, பங்காளிகளோடு பங்காளியாக உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டான். உடையப்பன் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் மெய்யம்மையைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்துவிட்டு, திரும்பி வந்து காமாட்சி காலில் விழுந்தான். எழுந்து முகத்தைப் பார்த்தான். ஏதோ கேட்கிற மாதிரி பார்த்தான். அவள் திருநீற்றை எடுத்துப் பூசிவிட்டாள்.

"வாரேன் பெரியாத்தா" என்றான்.

"போயிட்டு வாப்பா" என்றாள்.

கார் அரிமளம் ரோட்டில் திரும்பும் வரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அப்படியே சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு, தெருவே கேட்க ஓலமிட்டு அழுதாள். உடையப்பன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. எதிர்வீட்டுப் பிரகதாம்பாள் போட்டது போட்டபடி ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். உடையப்பன் அண்ணனை நெனச்சுக்கிட்டீங்களா ஆச்சி என்று கேட்டாள். காமாட்சி ஆமாம் என்று தலையாட்டினாள்.